ஏத்துற எண்ணெய்க்கு இறங்க வழி வேணும்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பழைய அம்பாசிடர் வச்சிருக்கிறவங்க இன்னும் இருக்காங்க. வண்டி நீலப்புகை விட்டதுமே பட்டறையில சொல்ற முதல் வார்த்தை, "ரிங் போச்சுண்ணே, ரீபோர் பண்ணணும்." எனக்கு இதுல உடன்பாடு இல்ல. இஞ்சினை இறக்குறதுக்கு முன்னாடி, மேல் மூடியைக் கழட்டிப் பாக்கணும்.

ஏன்னு சொல்றேன். பழைய 1489 சி.சி. பெட்ரோல் இஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. 'பி' சீரிஸ் வகை. பம்பு, எண்ணெயை அழுத்தி மேலே ராக்கருக்கு ஏத்துது. ஆனா இறங்குறதுக்குப் பம்பு கிடையாது. தானா வழிஞ்சுதான் வரணும். புஷ் ராடு போற ஓட்டைகள் வழியா டேப்பட் அறைக்கு இறங்கி, அங்கிருந்து சம்புக்குப் போகுது.

நமக்குத் தெரியாததா? வயலுக்குத் தண்ணி பாய்ச்சினா மட்டும் போதாது, வடியவும் வழி வேணும். இல்லைன்னா வேர் அழுகிடும். இஞ்சினுக்கும் அதே கதைதான். கசடு சேர்ந்து வடிகால் அடைபட்டா, எண்ணெய் சிலிண்டர் ஹெட் மேலயே தேங்கி நிக்கும். வால்வு கைடு தேஞ்சு, ரப்பர் சீலும் இறுகிப் போயிருந்தா, அந்த எண்ணெய் உள்ளே இறங்கி எரியும். அதுதான் புகை.

அடைப்புக்குக் காரணங்களும் சாதாரணமானவைதான். நாள் கடந்த ஆயில், இஞ்சின் நல்லா சூடாகாத குட்டி ஓட்டம், அடைபட்ட பிரீதர் குழாய். பிரீதர் அடைச்சா உள்ளே காத்தழுத்தம் கூடி எண்ணெயை இறங்க விடாது. போன தடவை வேலை பாத்தப்ப அள்ளிப் பூசின கேஸ்கெட் பேஸ்டும் உள்ளே உதிர்ந்து ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும்.

எல்லாப் புகைக்கும் இதுதான் காரணம்னு சொல்ல வரல. காலையில ஸ்டார்ட் பண்ணும்போதோ, ஆரியங்காவு மாதிரி மலைச்சாலையில இறங்கி வந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதோ மட்டும் நீலப்புகை வந்தா, வால்வுப் பக்கம் சந்தேகப்படுங்க. சுமையோட இழுக்கும்போதெல்லாம் புகை விட்டு, கம்ப்ரஷனும் குறைஞ்சிருந்தா ரிங்தான். கம்ப்ரஷன் பாக்க அரை மணி நேரம் போதும். அதைப் பாக்காம போர் வேலைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

மூடியைத் திறந்ததும் கசடைச் சுரண்டி ஓட்டைக்குள்ள தள்ளிடக் கூடாது. துணியால வழிச்சு எடுத்துட்டு, டேப்பட் கவர், பிரீதர், சம்பு, உள்ளே இருக்கிற சல்லடை எல்லாத்தையும் கழுவணும். பிறகு புது ஆயில், புது ஃபில்டர். சிலர் சொல்ற மாதிரி டீசலை ஊத்தி இஞ்சினை ஓட விட்டா, உதிர்ற கசடு சல்லடையை அடைச்சு பேரிங்கையே காலி பண்ணிடும்.

ஒவ்வொரு ரீபோருக்கும் பிளாக்கில் இரும்பு குறையுது. சில தடவைக்கு மேல தாங்காது, அப்புறம் லைனர் போடணும். 2014-லயே அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்தியாச்சு. அதனால தேவையில்லாத ரீபோர் வெறும் பணச்செலவு இல்ல, வண்டியோட ஆயுசையே குறைக்கிற வேலை. "மூடியைக் கழட்டுங்க தம்பி, நானும் பக்கத்துல நின்னு பாக்கேன்"னு கேளுங்க. காசு கொடுக்கிறவருக்கு அந்த உரிமை உண்டு.