பிள்ளைக்குத் தாய் எத்தனை வயது வரை வேண்டும்?

2013ஆம் ஆண்டு அரசாங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போக முடியாது. அதைவிட மூத்த பிள்ளைகள் இருந்தால், அவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று காட்டி "குடும்பப் பின்னணி அறிக்கை" வாங்க வேண்டும். எல்லாம் பிள்ளைகளின் நலனுக்காக என்றார்கள்.

2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தது. அதே ஆண்டில் அந்த ஐந்து வயது எல்லை இரண்டு வயதாகக் குறைந்தது. ஒரே வருடத்தில் நமது பிள்ளைகள் மூன்று வயது வளர்ந்துவிட்டார்களா? வளர்ந்தது அரசாங்கத்தின் டொலர் பசிதான். தகப்பன் வெளிநாடு போவதற்கு இந்தக் கேள்வி அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

எல்லை தாண்டிப் பிரிவது நமக்குப் புதிதல்ல. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 525,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. நம்மை யாரும் கேட்கவில்லை. கண்டியில் இருந்த இந்திய அலுவலகத்தின் வாசலில் நம் மக்கள் கடதாசிகளோடு காத்து நின்றார்கள். அண்ணன் இந்தியப் பிரஜை, தங்கை இலங்கைப் பிரஜை என்று ஒரே லயத்துக் குடும்பங்கள் உடைந்தன. தலைமன்னார் ரயிலில் ஏறியவர்களையும் பிளாட்பாரத்தில் நின்று அழுதவர்களையும் இன்றும் நம் பாட்டிமார் மறக்கவில்லை. அன்று பிரித்தது இரண்டு பிரதமர்களின் கையெழுத்து. இன்று பிரிப்பது சம்பளச் சிட்டை.

1867இல் லூல்கந்துரையில் தேயிலை தொடங்கியது. அந்த மலையைச் சுற்றியுள்ள கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பக்கமும், இந்தப் பக்கம் புசல்லாவையிலும், அந்தப் பக்கம் மடுல்கலை, ரங்களையிலும் லயம் லயமாகப் போய்ப் பாருங்கள். தாய் குவைத்தில், சவூதியில், டுபாயில். பிள்ளை பாட்டியோடு. பாட்டி படுத்துவிட்டால் பள்ளிக்கூடத்தை விடுவது மூத்த பெண்பிள்ளை. அம்மா என்பது பல பிள்ளைகளுக்கு, சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்றால் போனில் தெரியும் ஒரு முகம். அங்கே அந்தத் தாய் இன்னொருத்தியின் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அவளுடைய பாஸ்போட் எஜமானின் அலுமாரியில்.

பிள்ளைகள் படும் பாட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூட்டங்களில் எழுந்து "தாய்மார் காசுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகளைக் கைவிட்டுப் போகிறார்கள்" என்று பேசுகிறார்களே, அதிகாரிகளும் ஆசிரியர்களும் நம் தலைவர்மார் சிலரும், அவர்களிடம் ஒரு கணக்குக் கேட்கிறோம். 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டு நாம் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்றோம். அது 2021 மார்ச்சில்தான் வந்தது. அடுத்த ஆண்டே ரூபா சரிந்து, கைக்கு வந்தது கடைக்குப் போய்ச் சேருமுன் கரைந்தது. அதன் பிறகு ஏறிய சம்பளமெல்லாம் விலைவாசியின் பின்னால் ஓடிக் களைத்தது. கேட்ட கிலோ வராவிட்டால் அரைப் பேர். கண்டிப் பக்கம் அரச நிறுவனங்கள் நடத்தும் தோட்டங்களிலோ வேலை நாளும் குறைவு, சேமலாப நிதியும் நிலுவை. இதில் அரிசி வாங்குவதா, கொப்பி வாங்குவதா, கூரைத் தகரம் மாற்றுவதா? இந்தக் கணக்கைச் சரிசெய்து காட்டிவிட்டு அந்தத் தாயைக் குறை சொல்லுங்கள்.

தாயைத் தடுக்கும் படிவத்தால் பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறும் கிடைக்காது. தடை இருக்கும்போது தரகன்தான் கொழுக்கிறான். பொய் வயது எழுதி, களவாக அனுப்பி, அங்கே ஏதும் நடந்தால் அவள் பெயரே எந்தப் பதிவிலும் இல்லாமல் செய்துவிடுகிறான்.

ஆகவே நாம் கேட்பது இவை. ஒரு குடும்பம் வாழக்கூடிய சம்பளமும் மாதம் முழுவதும் உறுதியான வேலை நாட்களும் வேண்டும். பெண்ணுக்கு மட்டும் என்று இருக்கும் விதி போக வேண்டும். பிள்ளையோடு போனில் பேசும் உரிமையும், பாஸ்போட் அவள் கையிலேயே இருக்கும் உரிமையும் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். பிள்ளைமடுவம் கைக்குழந்தைகளோடு நின்றுவிடாமல், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கும் சோறும் பாடமும் தர வேண்டும். தாய்மார் அனுப்பும் டொலரை எண்ணத் தெரிந்த அரசாங்கத்துக்கு அவர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளை எண்ணவும் தெரிய வேண்டும்.

அது எண்ணும்வரை நாம் எண்ணுவோம். ஒவ்வொரு டிவிசன் கமிட்டியும், தாயோ தகப்பனோ வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளின் பட்டியலை அடுத்த மாவட்டக் கூட்டத்துக்குக் கொண்டு வரட்டும். பள்ளிக்கூடம் போகிறதா, யார் பொறுப்பு, கடைசியாக அம்மா எப்போது பேசினாள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடுதான் இனிச் சம்பளப் பேச்சுக்குப் போவோம்.