கட்டாதீர்கள் தோழர்களே, பெயரைச் சொல்லுங்கள்!

தோழர்களே! ஆய்வு மாணவர்களே!

இன்று காலையும் போலி ஆய்விதழ் ஒன்றின் மின்னஞ்சல் வந்திருக்கும். நம்மைப் "பேராசிரியரே" என்று அழைத்திருக்கும். நாம் இன்னும் முனைவர் பட்டமே வாங்கவில்லை! மூன்றே நாளில் வெளியீடு, கையோடு சான்றிதழ், ஜிபே செய்தால் போதும். கட்டாதீர்கள். அழித்துவிட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள்!

மூன்று நாளில் நம் கட்டுரையை யார் படிப்பார்? ஒருவரும் படிக்கமாட்டார். ஜான் போஹனன் என்ற செய்தியாளர், புற்றுநோய் மருந்து என்று ஒரு பொய்க் கட்டுரை எழுதினார். வேண்டுமென்றே பிழைகளை அடுக்கினார். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன! 2013-இல் வெளிவந்த செய்தி இது. அந்தப் பொய்யின் பக்கத்திலா நம் ஐந்தாண்டு உழைப்பு கிடக்க வேண்டும்?

கட்டணம் கேட்பதே குற்றமல்ல. நேர்மையான இதழ்கள் சிலவும் கேட்கின்றன. படிக்காமலே பணம் பிடுங்குவதுதான் கொள்ளை. ஏமாந்தது தெரிந்து கட்டுரையைத் திருப்பிக் கேளுங்கள், அதற்கும் பணம் கேட்பார்கள். அங்கே அச்சானதை வேறெங்கும் கொடுக்கவும் முடியாது. உதவித்தொகையும் போச்சு, ஆய்வும் போச்சு!

ஹைதராபாத்தில் ஆய்விதழ்கள் வெளியிடும் ஓமிக்ஸ் நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று 2019-இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வாளர்களை ஏமாற்றிய வழக்கு அது. நம் வாசலில் நடக்கிறது தோழர்களே, நம் வாசலில்!

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) இதழ்ப் பட்டியல் காப்பாற்றும் என்று இருந்தோம். 2018 மே மாதம் யுஜிசி தன் பட்டியலிலிருந்தே 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு அதன் கேர் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் யுஜிசி கைவிட்டது. காவல் இப்போது நம் கையில்.

பாருங்கள். கேளுங்கள். விடாதீர்கள். ஐஎஸ்எஸ்என் எண்ணைக் காட்டினால் மயங்காதீர்கள். அது தரச் சான்று அல்ல. ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கிறோம் என்று சொன்னால், ஸ்கோபஸ் தளத்திலேயே தேடுங்கள், இன்றும் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய இதழைத் திறந்து நான்கு கட்டுரை படியுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருக்கு எழுதுங்கள்: "ஐயா, உங்கள் பெயர் இங்கே இருப்பது உங்களுக்குத் தெரியுமா?" தெரியாது என்று பதில் வந்தால், அதை எல்லோருக்கும் காட்டுங்கள்!

ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022-லேயே எடுத்துவிட்டது. பல துறைகள் இன்னும் விடவில்லை. "எதிலாவது போட்டுவிடு" என்றார்கள், தலையாட்டினோம். சீனியர் பணம் கட்டினார், பார்த்துக்கொண்டிருந்தோம். நம் மௌனத்தில்தான் இந்தப் போலி இதழ்களின் கடை நடக்கிறது. ஜூனியர் இப்போது நம் முகத்தைப் பார்க்கிறார். எதில் போடலாம் அக்கா, எதில் போடலாம் அண்ணா என்று கேட்கிறார்.

இன்னுமா வாய்மூடி இருப்போம்?

அடுத்த துறைக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். பக்கத்தில் நாங்களும் நிற்போம். அந்த இதழின் பெயரைச் சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்!