இடம் சொல்லும் கருவி வழி சொல்லாது



காடு, மலை, ஆறு என்று பல நாட்கள் இரவு பகலாக நடக்கும் சாகசப் பந்தயங்களில் அணிகள் செயற்கைக்கோள் டிராக்கர் ஒன்றைச் சுமந்து செல்கின்றன. "ஆபத்து வந்தால் பொத்தானை அழுத்திவிடலாம் என்று போவதில் என்ன சாகசம் சார்?" என்று நம் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கருவியால் சாகசம் குறைவதில்லை என்பதே என் கருத்து.

டிராக்கர் ஜிபிஎஸ் மூலம் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடும். இரிடியம் போன்ற வேறு செயற்கைக்கோள்கள் வழியாக அதைக் குறிப்பிட்ட இடைவெளியில் அமைப்பாளர்களுக்கு அனுப்பும். செல்போன் டவர் தேவையில்லை. வீட்டில் இருப்பவர்களும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். ஆனால் பந்தயத்தில் ஓடுபவர்கள் வழி கண்டுபிடிக்கப் பொதுவாக ஜிபிஎஸ் பயன்படுத்தக் கூடாது. வரைபடமும் திசைகாட்டியும் மட்டும்தான். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அவர்களுக்குத் தெரியாது! வழி தேடும் உழைப்பு முழுக்க அவர்களுடையதே.

கடலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில், இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றப் புறப்பட்டார். அங்கும் ஜிபிஎஸ் கூடாது. செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்துதான் வழி காண வேண்டும். செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் படகு கவிழ்ந்து புரண்டு, பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி, எழுந்திருக்க முடியவில்லை. செயற்கைக்கோள் வழியாகச் சிறு செய்தி அனுப்பித் தன் நிலையைத் தெரிவித்தார். கடற்படை விமானம் படகைக் கண்டது. செப்டம்பர் 24 அன்று ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அடுத்த பந்தயத்தில் மீண்டும் கலந்துகொண்டு, 2023 இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அவரைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. செய்தி நொடியில் போய்விடும், உதவி வந்து சேர மூன்று நாள் ஆகலாம். அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருக்க உடல்பலமும் பயிற்சியும் நிதானமும் வேண்டும். இவற்றை எந்தக் கருவியும் தராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புள்ளி நகரவில்லை என்றவுடன் பதறாதீர்கள். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஆழமான பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும் வானம் மறைந்து சிக்னல் தடைபடலாம். பேட்டரி தீர்ந்திருக்கலாம்.

பந்தயத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று. உதவி கேட்டால் பந்தயத்திலிருந்து விலக நேரிடும் என்று தயங்கித் தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, பணம் செலவழித்துப் போயிருப்பீர்கள், மனசு கேட்காதுதான். ஆனாலும் பந்தயம் அடுத்த ஆண்டும் வரும். இன்னொன்று, நம் நாட்டில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளை வைத்திருக்க அரசின் அனுமதி வேண்டும். இமயமலைக்குப் போகிறவர்கள் விசாரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

பிள்ளையை வழியனுப்பும்போது "ஜெயித்து வா" என்று சொல்லுங்கள். கூடவே, "முடியாவிட்டால் பொத்தானை அழுத்து, நாங்கள் ஒன்றும் நினைக்க மாட்டோம்" என்றும் சொல்லி அனுப்புங்கள். வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டால்தான் அந்தப் பொத்தான் உண்மையில் பயன்படும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள்.