பாட்டுப் பெட்டிக்கும் ஒரு பட்ஜெட்!

சீட்டுப் பணம் 30,000 ரூபாய் கைக்கு வந்ததும், என்னவருக்கு ஸ்டீரியோ ஆசை வந்துவிட்டது. "100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர் வாங்கினா பிரமாதமா இருக்கும்" என்றார். எனக்கோ பாப்பாவின் பள்ளிக்கூடச் செலவு கண் முன்னே நின்றது. மாமியார் வேறு, "சத்தம் வருது, பாட்டுல வார்த்தைதான் விளங்கலை" என்று குறைப்பட்டார்.

"ஏங்க, ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்துடலாமே" என்றேன். தம்பியின் 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரை இரவல் வாங்கி எங்கள் ஸ்பீக்கரில் மாட்டினோம், பெரிய வித்தியாசமில்லை. வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தானே! பிறகு அவன் ஸ்பீக்கரை எங்கள் பழைய 50 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரில் மாட்டினோம். "இப்போ புரியுதும்மா" என்றார் மாமியார்.

எங்கள் ஸ்பீக்கரின் வலையைக் கழற்றிப் பார்த்தால், ஃபோம் விளிம்பு உளுத்து உதிர்ந்திருந்தது. விளிம்பு மட்டும் என்றால் மாற்றிவிடலாம். கோனும் அல்லவா கிழிந்திருந்தது!

ஆகவே பங்கு பிரித்தேன். புது ஸ்பீக்கருக்கு 16,000. வெறும் தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் குறைக்க, கனமான திரைச்சீலைக்கும் ஜமக்காளத்துக்கும் 4,000. சாதாரணச் செம்பு ஒயருக்கு 500. மீதி 9,500 பாப்பா கணக்கில்!

காசில்லாத யோசனை ஒன்று: இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடமும் முக்கோணமாக அமையட்டும். ஸ்பீக்கர் காது உயரத்தில், சுவரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்கட்டும். குழந்தை இழுத்தால் சாயாதபடி ஸ்டாண்டைக் கட்டிவையுங்கள்.

முதலில் இரவல், அப்புறம் செலவு. என்ன, சரிதானே சகோதரிகளே?