எக்கோப் பெட்டியும் எங்கட மேதாவிகளும்

புலம்பெயர்ந்த இடத்தில் எங்கட ஆக்கள் மூன்று விசயங்களைப் பூட்டி வைத்திருப்பார்கள்: நகை, சீட்டுக்காசு, ஒலிப்பதிவு அறிவு. முதல் இரண்டையும் பூட்டுவதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இப்ப பழைய பாணி எக்கோப் பெட்டிகளுக்கு ஒரு மோகம். 1974இல் றோலண்ட் கொம்பனி விட்ட ஆர்.இ-201 ஸ்பேஸ் எக்கோவில் உண்மையான நாடா சுழலும். ஒரு தலை பதியும், மூன்று தலைகள் வாசிக்கும். பதிவதற்கும் வாசிப்பதற்கும் இடைப்பட்ட நேரம்தான் எக்கோ. 2022இல் பொஸ் கொம்பனி அதே முகச்சாயலில் ஆர்.இ-202 விட்டது. உள்ளே நாடா இல்லை, எல்லாம் கணக்குத்தான். சத்தம் நல்லாத்தான் இருக்கு. பெட்டியில் எனக்குக் கோபமில்லை. அதை மைக்குக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் கொழுவி, எக்கோவோடயே குரலைப் பதிகிற மேதாவிகளில்தான் கோபம்.

என்னோடு றெஸ்ரோரன்ட் குசினியில் கோப்பை கழுவிய ஐயா ஒருவர் காத்தவராயன் கூத்துப் பாட்டுக்காரர். தன்ர உழைப்புக் காசில் ஒரு ஸ்ரூடியோவில் இரண்டு மணித்தியாலம் பாடினார். ஐயா இப்ப இல்லை. பதிவு இருக்கு, கிணத்துக்குள்ள நின்று கூப்பிடுகிற மாதிரி. வெறும் குரல் இருந்தால் தாங்கோ என்று கேட்டேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லை. இது விண்டேஜ் சவுண்ட், தம்பி. உமக்கு விளங்காது."

யாழ் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவன் நான். படித்த பாதியே இதை விளங்கப் போதும். உங்களுக்கும் விளங்கும், பாருங்கோ.

முதலில் குரலை வெறுமனே பதியவேண்டும். ஓடியோ இன்ரர்பேஸில் நாலு அவுட் இருந்தால் 1, 2 ஸ்பீக்கருக்கு. 3இலிருந்து பெட்டிக்கு. பெட்டியிலிருந்து திரும்பி ஒரு லைன் இன்புட்டுக்கு. மென்பொருளில் குரலின் ஒரு பங்கை 3க்கு அனுப்பி, திரும்பி வருவதை வேறு தடத்தில் பதியுங்கோ. பெட்டியில் நேர்ச்சத்தத்தை நிறுத்தி எக்கோவை மட்டும் விடுங்கோ. திரும்பி வருகிற தடத்தை மறுபடி 3க்கு அனுப்பினால் ஊளையிடும், கவனம்.

அடுத்தது அளவு. தொழில்முறைக் கருவிகளின் அளவு +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ற். வீட்டுக் கருவிகளுக்கு -10 டிபிவி, 0.316 வோல்ற். கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம். கிற்றார் பெடல்கள் பெரும்பாலும் அதிலும் குறைவாக எதிர்பார்க்கும். அதற்குத்தான் ரீஆம்ப் பெட்டி. அது இல்லையென்றால் அவுட்டை நல்லாக் குறையுங்கோ. பெட்டி திணறிக் கரகரப்பதைத்தான் சிலர் "வெதுவெதுப்பான சத்தம்" என்று விற்கிறார்கள்.

'ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் அது ஐரோப்பிய மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ். எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் கொழுவுங்கோ. போகாவிட்டால் நடுவில் ஒரு ஐசொலேசன் ட்ரான்ஸ்போமர் போடுங்கோ. ஏர்த் கம்பியை வெட்டச் சொல்லும் மேதாவியும் இருக்கிறார். அது உயிரோடு விளையாட்டு.

இவ்வளவுதான் பிரம்ம ரகசியம்.

"எக்கோ கேட்டால்தான் பாட வரும்" என்பார்கள். உண்மைதான். ஹெட்போனில் மட்டும் குடுங்கோ, பதிவில் ஏன்? "முந்தி எல்லாரும் அப்பிடித்தானே பதிஞ்சவை" என்பார்கள். முந்தி நாலு தடமும் எட்டுத் தடமும்தான் இருந்தது. இடமில்லாமல் சேர்த்துப் பதிந்தார்கள். இன்றைக்குச் சாதாரண மடிக்கணினியே நூறு தடம் ஓட்டும். எக்கோவை நீக்கும் மென்பொருள் இருக்கே என்பார்கள். இருக்கு. எக்கோவைக் கொஞ்சம் குறைக்கும், குரலின் ஓரத்தையும் சேர்த்துத் தின்னும்.

எக்கோவை நாளைக்கும் போடலாம், பத்து வருசம் கழித்தும் போடலாம். ஊர்ப்பாட்டை முழுசாக மனதில் வைத்திருக்கும் கிழவர்கள் பத்து வருசம் காத்திருக்கமாட்டார்கள்.

பெட்டி வாங்குவது உங்கட இஷ்டம். மென்பொருளில் வரும் எக்கோவே பலருக்குப் போதும். ஆனால் அப்பாவையோ அம்மம்மாவையோ பாட வைக்க ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனால், ஒன்றும் பூசாத வெறும் குரலின் பிரதியைக் கையில் வாங்குங்கோ. தரமாட்டேன் என்கிற இடத்தில் காசு குடுக்காதேங்கோ.