பொன்மொழிக் கொப்பிகள்

நமது மீலாத் மலர்களையும் பாடசாலை மலர்களையும் எடுத்துப் பாருங்கள். பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலம் மிஞ்சினால் போதும், "வாழ்க்கை ஒரு பயணம்" என்று தொடங்கும் ஏதோ ஒரு பொன்மொழி அங்கே வந்து குந்திக்கொள்ளும். கீழே ஒரு பெயர்: அலி (ரழி), இமாம் கஸ்ஸாலி, மௌலானா ரூமி. எந்த நூல், எந்தப் பாகம் என்ற பேச்சே இல்லை. பதுளையிலும் வெலிமடையிலும் பிள்ளைகள் கொப்பி போட்டு இவற்றைச் சேர்க்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாமும் மெச்சுகிறோம். இது ஆன்மிகமல்ல, சோம்பேறித்தனம் என்பதே என் கட்சி.

ஒரு சொல்லை ஏற்குமுன் யார் சொன்னார், யாரிடம் கேட்டார் என்று ஆள்வரிசையாக விசாரித்த சமூகம் நாம். ஹிஜ்ரி 256இல் வபாத்தான இமாம் புகாரி அந்த விசாரணைக்கே ஆயுளைக் கொடுத்தார். அவருடைய தொகுப்பை அலுமாரியில் வைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத வாசகங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டுகிறோம்.

ரூமி 1207இல் பிறந்து 1273இல் மறைந்தவர். பாரசீகத்தில் எழுதியவர். மஸ்னவி மட்டும் ஏறத்தாழ 25,000 ஈரடிகள். இன்று உலகெங்கும் உலவுபவரோ பெரும்பாலும் அமெரிக்கக் கவிஞர் கோல்மன் பார்க்ஸின் ரூமி. பார்க்ஸுக்குப் பாரசீகம் தெரியாது. அதை அவர் மறைத்ததுமில்லை. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் புதுக்கவிதையாக்கினார். ஆக்கும்போது குர்ஆனின் வாசம் பல இடங்களில் போய்விட்டது. அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கித்தான் நாம் மலரில் போடுகிறோம்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் இருந்து 1971இல் பிலடெல்பியா சென்று, 1986இல் அங்கே மறைந்த பாவா முஹையதீன் பேசியது தமிழ். அதை ஒலிநாடாவில் பிடித்து அமெரிக்கச் சீடர்கள் ஆங்கில நூல்களாக்கினார்கள். (அவருடைய கொள்கையில் எல்லாருக்கும் உடன்பாடு இராது. அது வேறு வழக்கு.) அந்த ஆங்கிலத்திலிருந்து நம்மவர் மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்த வாசகங்களை நானே கண்டிருக்கிறேன். குணங்குடி மஸ்தான் சாகிபோ, 'அஸ்றாறுல் ஆலம்' எழுதிய நமது சித்திலெப்பையோ எந்தக் கொப்பியிலும் தட்டுப்படுவதில்லை.

நல்ல வார்த்தை எங்கிருந்து வந்தாலென்ன, மனம் இளகினால் போதாதா என்று கேட்பார்கள். கஸ்ஸாலி 1095இல் பக்தாத் நிஸாமிய்யாவின் பெரும் பதவியை உதறிவிட்டுப் புறப்பட்டவர். அவர் பயணத்துக்கு ஒரு விலை இருந்தது. நாம் ஒரு பேனைக்கு மேல் என்ன செலவழித்தோம்?

உலகில் அந்நியனைப் போல, வழிப்போக்கனைப் போல இருக்கும்படி நபியவர்கள் (ஸல்) இப்னு உமரின் தோளைப் பிடித்துச் சொன்னதாகப் புகாரியில் ஹதீஸ் உண்டு. ஆனால் மார்க்கத்தில் வழிப்போக்கன் வெறும் உவமையல்ல. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்க அவனுக்கு அனுமதி. ரமழான் நோன்பைப் பிற்போட அனுமதி. சூரா தவ்பாவின் 60ஆம் வசனம் ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் அவனையும் சேர்க்கிறது. களைத்தவன், கையில் செலவுக்கில்லாதவன், நம்மிடம் பங்கு கேட்க உரிமையுள்ளவன். கொப்பியில் வரும் பயணிக்கோ பசியுமில்லை, களைப்புமில்லை.

ஊவாவில் இருந்துகொண்டு இந்த உவமையை எடுப்பவர்கள் லயத்துக்குப் போய்ப் பயணம் என்றால் என்னவென்று கேட்க வேண்டும். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தது. போனவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்குத் தோட்டத்துச் சனம் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போகாதவர்களின் பிள்ளைகள் இருந்த மீரியபெத்தை லயங்கள் 2014 ஒக்டோபர் 29 காலை மண்ணுக்குள் போயின. சுமையைக் குறைத்து நடக்கச் சொல்லும் பொன்மொழியை அங்கே யார் வாசித்துக் காட்டுவது? பசறை, லுணுகலைக் கடைத்தெருக்களில் நம்மவரின் கடன் கொப்பிகளில் பக்கம் பக்கமாக இருந்தது இந்தச் சனத்தின் பெயர்கள்தான். அந்தக் கொப்பிகளை யாரும் சேர்ப்பதில்லை.

என் வகுப்பில் இப்போது மூன்று நிரல் கீறச் சொல்லியிருக்கிறேன்: சொன்னவர், சொன்ன இடம், கேட்டவர். நிரல் வெறுமையானால் வாசகத்தை வெட்ட வேண்டும். பத்தாம் தரத்துப் பிள்ளையொருத்தி, மையவாடியைக் கடக்கும்போதெல்லாம் தன் உம்மம்மா முணுமுணுப்பதை எழுதி வந்தாள். மூன்று நிரலும் நிறைந்திருந்தன. மலர்க் குழுவுக்குக் கொடுத்தேன். திருப்பித் தந்துவிட்டார்கள், ரூமிக்கு இடம் வேண்டுமாம்.