பெருக்கல் வாய்பாடும் பத்தமடைப் பாயும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றியது தமிழுலகம். எனினும், கூட்டலையும் கழித்தலையும் விரல்விட்டு எண்ணி மகிழ்ந்த இளஞ்சிறார், பெருக்கல் வாய்பாடு வந்தவுடன் முகம் வாடுகின்றனர். இஃது ஏன்? பாடம் தொடங்கப்பெறும் முறையே காரணமென்பது எம் கருத்து. பெருக்கற் பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் நாவிற்கு உரியதன்று. காலுக்கும் கைக்கும் கண்ணுக்கும் உரியது என்பதை ஈண்டு எடுத்துரைப்போம்.

வாய்பாட்டை மனப்பாடஞ் செய்தல் பயனற்றதென்று யாம் கூறவில்லை. பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதப்பெற்றது. சட்டாம்பிள்ளை ஓரடி சொல்ல, ஏனையோர் ஒருமித்துச் சொல்லினர். சொல்லும்போதே விரலால் மணலில் எழுதியும் பழகினர். 1789-ஆம் ஆண்டு முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆண்டுரு பெல் என்பார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்றலைக் கண்டு, அதனையே தம் பள்ளியிலும் மேற்கொண்டார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்து, அம்முறையை 1797-இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். ஆகவே, நம் முன்னோர் கல்வியில் வாயோடு கையும் உழைத்தது. இன்றோ பல வகுப்புகளில் வாய் மட்டுமே எஞ்சியுள்ளது. எட்டேழு எத்தனை என வினவின், ‘ஓரேழு ஏழு’ என்று அடியிலிருந்து படிப்படியாக ஏறி வந்தாலன்றி விடை கூறமாட்டாத பிள்ளைகள் பலர். அவர் கற்றது பாட்டு, பெருக்கல் அன்று.

நிற்க. பெருக்கல் என்பது யாது? ஒத்த வரிசைகளை அடுக்கிக் காண்டலே. இதனைக் காட்டுதற்குப் பத்தமடைப் பாயினும் சிறந்த கருவி வேறில்லை. தாமிரபரணிக் கரையிற் கொய்த கோரையை உலர்த்தி, ஓடுநீரில் ஊறவிட்டு, மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்திநூற் பாவில் ஊடாக நெய்கின்றனர் அவ்வூரார். பாவு நெடுக்கு, கோரை குறுக்கு. அத்தறியையே வகுப்பறைக்குக் கொணர்தல் எளிது. பனையோலைக் கீற்று ஐந்தினை நெடுக்கே வைத்து, ஆறினைக் குறுக்கே ஊடுவிட்டுப் பின்னுமாறு பிள்ளைகளை ஏவுக. கீற்றுகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களை எண்ணச் செய்க. முப்பது என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டுவதில்லை. பின்னிய கையே சொல்லும்.

கருவி ஒன்றுமின்றியும் தொடங்கலாம். பன்னிரு பிள்ளைகளை வரிசைக்கு நால்வராக மூன்று வரிசையில் முற்றத்தில் நிறுத்துக. அனைவரும் வலப்புறந் திரும்பட்டும். இப்பொழுது வரிசைக்கு மூவராக நான்கு வரிசை ஆயிற்று. ஒருவரும் கூடவில்லை, ஒருவரும் குறையவில்லை. மூநான்கும் நான்மூன்றும் ஒன்றேயென்பதைத் தம் காலாலேயே கற்றுவிட்டனர். இனி, வீட்டிலுள்ள பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எழுபதும் நிரம்புமுன் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேட்பின், ஆட்டத்தின் ஆவலே விடையைத் தேடச் செய்யும். ஒன்று முதல் முப்பது வரை உரக்க எண்ணி, மும்மூன்றிற்குக் கைதட்டியும் ஐயைந்திற்குத் தரையை மிதித்தும் ஆடுக. பதினைந்திலும் முப்பதிலும் கையும் காலும் ஒருங்கே ஒலிக்க, பிள்ளைகள் வியந்து ‘ஏன்?’ என்பர். அவ்வினாவே பாடத்தின் வாயில்.

பத்து மடைகள் உண்மையால் பத்தமடை எனப் பெயர் வந்ததென்பர். மடைக்கு ஆறு வயலாயின் வயல் எத்தனையென்று அவ்வூர்ப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், ஊர்ப்பெயரே கணக்காகிவிடும்.

‘விளையாட்டாற் காலம் வீணாகும், இரைச்சல் மிகும்’ என்பார் உளர். ஐந்து நிமிடத்தில் மணி அடித்து நிறுத்தி, ஆடியதை உடனே பலகையில் எண்ணாக எழுதி, அதன்பின் வாய்பாட்டை ஓதுவிப்பின் அக்குறை நேராது. எழுதாது விடுத்த ஆட்டம் வெறும் ஆட்டமே என்பதையும் மறுக்கிலேம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலும், 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கென வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் இவ்வழியே நாடின. எனினும், திட்டம் தாளில் வரும். அதற்கு உயிர் தருபவர் வகுப்பில் நிற்கும் ஆசிரியரே.

பெருக்கலில் இடறிய பிள்ளை வகுத்தலிலும் பின்னத்திலும் மீண்டும் இடறும். ‘எனக்குக் கணக்கு வாராது’ என்று தன்னைத் தானே தீர்த்துக்கொள்ளும். அச்சொல் பள்ளியோடு நில்லாது. கூலியும் வட்டியும் பிறர் சொன்ன கணக்கின்படியே கொள்ளும் வாழ்வு அதனின்று பிறக்கும். பாய் நெய்யும் தாய் நாள்தோறும் வரிசை வரிசையாய் எண்ணிக் கைவந்த அறிவை, அவள் மகள் பள்ளியில் அயலென அஞ்சி நிற்றல் இரங்கத்தக்கதன்றோ? நம்முள் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றோம். வாய்பாட்டுச் சுவடியை விரிக்குமுன் பாயை விரிப்போமாக.